தலைவலியும் நாளொழுங்கும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தலைவலியைப் பற்றிப் பேச அழைத்தபோது அமைப்பாளர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். "தீராத தலைவலிக்கு நரம்பு டாக்டரிடம் போவதா, இல்லை யோகா, மூலிகை, எண்ணெய்க் குளியல் என்று போவதா?" என் புறநோயாளிப் பிரிவிலும் அன்றாடம் கேட்கிற கேள்விதான் இது. சிலர் மாத்திரையைத் தொடவே பயப்படுகிறார்கள். சிலர் மாத்திரையைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. இரு தரப்பாரும் வலியோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாள்பட்ட தலைவலியில் இந்த இரண்டு வழிகளும் போய்ச் சேருகிற இடம் ஒன்றே. மாத்திரை எந்த நரம்பு வலையைத் தொடுகிறதோ, அதையேதான் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் மூச்சுப் பயிற்சியும் தொடுகின்றன. அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால், எதை எப்போது செய்வது என்கிற தெளிவு தானே வரும். அதனால் முதலில் கொஞ்சம் உடற்கூறு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்கு வலிக்காது. கேட்கும்போது நம்ப முடியாது, ஆனால் உண்மை. நியூயார்க்கில் ஹெரால்ட் வுல்ஃப் என்ற நரம்பியல் மருத்துவரும் ப்ரான்சன் ரே என்ற அறுவை மருத்துவரும் 1940இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நோயாளிகளுக்கு மூளை அறுவை நடக்கும்போது ஒவ்வோர் இடமாகத் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று அவர்களையே கேட்டார்கள். மூளைத் திசுவைத் தொட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் ரத்தக்குழாய்களைத் தொட்டதும், நெற்றியில் வலிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார்கள். இந்த வலியைச் சுமந்து செல்வது முக்கிளை நரம்பு. நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என மூன்று கிளைகள் அதற்கு. அது கொண்டுவரும் செய்தி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் வந்து இறங்குகிறது. கழுத்தின் மேல் நரம்புகள் கொண்டுவரும் செய்தியும் அதே இடத்தில்தான் வந்து இறங்குகிறது. 'பிடரியில் பிடித்து இழுத்து, கண்ணுக்குள் ஏறுகிறது டாக்டர்' என்று நோயாளிகள் சொல்வதன் காரணம் இதுதான். கழுத்தை இதமாகப் பிடித்துவிட்டால் நெற்றி வலி தணிவதற்கும் இதுவே காரணம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இங்கே வருவோம்.

தலைவலி என்பது ஒரே நோயா என்றால், இல்லை. கட்டி, காய்ச்சல், ரத்தக் கசிவு போன்ற வேறொரு காரணத்தால் வருபவை ஒரு பக்கம். தானே நோயாக நிற்பவை இன்னொரு பக்கம். இரண்டாம் வகையில் முக்கியமானவை இரண்டு. பட்டை போட்டு இறுக்கியதுபோல் தலை முழுவதும் கனப்பது டென்ஷன் தலைவலி. விண் விண்ணென்று தெறித்து, நடந்தால் அதிகமாகி, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல், குமட்டலோடு ஆளைப் படுக்கையில் தள்ளுவது மைக்ரேன். ஒற்றைத் தலைவலி என்கிறோம், ஆனால் இரண்டு பக்கமும் வரலாம். மூன்று மாதத்துக்கு மேல், மாதத்தில் 15 நாளோ அதற்கு அதிகமோ தலைவலி இருந்து, அதில் குறைந்தது 8 நாளாவது மைக்ரேன் குணம் காட்டினால் அதை நாள்பட்ட மைக்ரேன் என்கிறோம். மாதத்தில் பாதி நாள் ஒரு மனிதரிடமிருந்து பறிபோகிறது என்று பொருள்.

பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 2329 பேரிடம் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு 2015இல் வெளிவந்தது. முந்தைய ஓராண்டில் தலைவலி கண்டவர்கள் நூற்றுக்கு 63.9 பேர். மைக்ரேன் மட்டும் 25.2 பேர். நால்வரில் ஒருவர்! உலக அளவில் மனிதரை முடக்கும் நோய்களின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் மைக்ரேன் இரண்டாம் இடம். இளம் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே முதலிடம். இவ்வளவு பெரிய நோயை நம் வீடுகளில் 'அவளுக்கு எப்பவும் தலைவலிதான்' என்ற ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறோம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த நோய்க்குச் சரியான பெயர் கிடைப்பதற்கே நம் ஊரில் பல வருடம் ஆகிறது. முதலில் பித்தம் என்பார்கள். வாந்தி எடுத்தால் தலைவலி விடுகிறதே, அப்படியானால் பித்தம்தானே என்று கேட்பார்கள். வாந்தியோடு மைக்ரேன் அடங்குவது பலருக்கு நடப்பதுதான். வயிற்றிலிருந்து தலைக்கு நோய் ஏறியது என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டையும் கிளப்பிவிடுவது மூளைத்தண்டு. அடுத்து கண்ணாடியை மாற்றுவார்கள். அடுத்து பி.பி. பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் மிகக் கடுமையாக ஏறினாலொழிய தலைவலி தராது. கடைசியில் வருவது சைனஸ். நெற்றியிலும் கன்னத்திலும் வலி, மூக்கடைப்பு, கண்ணில் நீர். ஆகவே சைனஸ்தான் என்று முடிவு கட்டி, ஆவி பிடித்து, ஆன்டிபயாட்டிக் விழுங்கி, அறுவை வரைகூடப் போகிறார்கள். அமெரிக்காவில் தங்களுக்குச் 'சைனஸ் தலைவலி' என்று நம்பிய 2991 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகை. முக்கிளை நரம்பு தூண்டப்படும்போது மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகும். சளி பச்சையாக வரவில்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் மாதாமாதம் 'சைனஸ்' வருகிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள்.

இனி, மைக்ரேன் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது? சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளியும் மின்னல் கோடு தெரியும், நடுவே ஒரு இருட்டுப் பொட்டு பரவும். கார்ல் லாஷ்லி என்ற உளவியல் அறிஞருக்கு இது வரும். அவர் பயந்து படுத்துவிடாமல், அந்தப் பொட்டு எவ்வளவு வேகத்தில் பெரிதாகிறது என்று தாளில் வரைந்து கணக்கிட்டார். பார்வைக்கான மூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் எழுதினார். மூன்று வருடம் கழித்து, பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவோ, வலிப்பு நோயை ஆராயப்போய், முயலின் மூளையில் மின்செயல் அடங்கும் அலை ஒன்று ஏறக்குறைய அதே வேகத்தில் பரவுவதைக் கண்டார். ஒருவர் தன் கண்ணுக்குள் கண்டதும், இன்னொருவர் முயலிடம் அளந்ததும் ஒரே அலைதான் என்று பின்னால் புரிந்தது.

வலிக்கான கதை வேறு. ரத்தக்குழாய் விரிவதுதான் மைக்ரேன் என்று பல காலம் நம்பினோம். 1979இல் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், குழாயைச் சுற்றியிருக்கும் முக்கிளை நரம்பு நுனிகளைப் பாருங்கள் என்றார். 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும், மைக்ரேன் நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து, சி.ஜி.ஆர்.பி. என்ற நரம்புப் புரதத் துணுக்கு அதில் ஏறியிருப்பதைக் காட்டினார்கள். கோபன்ஹேகனில் யெஸ் ஓலெசன் குழுவினர், மைக்ரேன் உள்ளவர்களுக்கு அதே பொருளைச் செலுத்தினால் தலைவலி வருவதைக் காட்டினார்கள். அந்தப் பொருளின் வேலையைத் தடுக்கும் முதல் ஊசி மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த நால்வருக்கும் 2021ஆம் ஆண்டின் மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது. ஆய்வுக்கூடத்துச் சந்தேகம் ஒன்று நோயாளியின் கைக்கு மருந்தாக வந்து சேர ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என் சிந்தனையை மாற்றியது, ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் ஆர்னே மே குழுவினர் செய்த ஓர் எளிய காரியம். மைக்ரேன் உள்ள ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, 30 நாள் தினமும் அவர் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2016இல் முடிவு வந்தது. வலி தொடங்குவதற்கு முன்பான 24 மணி நேரத்திலேயே ஹைபோதலாமஸ் என்ற பகுதி விழித்துக்கொண்டு வேலையில் இறங்கியிருந்தது. ஹைபோதலாமஸ் என்ன செய்கிறது? தூக்கம், பசி, தாகம், உடல் வெப்பம், மாதவிடாய்ச் சுரப்புகள், மன உளைச்சலுக்கு உடல் காட்டும் எதிர்வினை என்று நம் நாளொழுங்கு முழுவதையும் நடத்துவது அதுதான். வலிக்கு முந்தைய நாள் ஓயாமல் கொட்டாவி வரும், எரிச்சல் வரும், கழுத்து பிடிக்கும், இனிப்பு வேண்டும்போல் இருக்கும். 'நேற்று சாக்லேட் சாப்பிட்டேன், இன்று தலைவலி' என்று சாக்லேட்டைக் குற்றம் சொல்கிறோம். பலருக்கும் அந்த ஆசையே மைக்ரேன் தொடங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

மைக்ரேன் உள்ளவரின் மூளை மாற்றத்தைத் தாங்காத மூளை. ஒரு நாள் ஐந்து மணிக்கு, மறுநாள் ஒன்பது மணிக்கு எழுவதை அது தாங்காது. வேளை தவறிய சாப்பாட்டைத் தாங்காது. வழக்கமாகக் குடிக்கும் காபி ஒரு நாள் இல்லை என்றாலும் தாங்காது. வாரம் முழுக்க ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும்போது தலைவலி வருகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். பதற்றம் சட்டென்று இறங்குவதும் ஒரு மாற்றம்தான்.

நம் வீட்டுப் பெண்களின் வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து தலைக்குக் குளிக்கிறார்கள். ஈரத் தலையோடு சமையல். பூஜை முடியும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். சாம்பிராணிப் புகை வேறு. பிறகு வெயிலில் நின்று முடி காயவைப்பது. பன்னிரண்டு மணிக்கு நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்குகிறது. தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டும் என்பதை மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. மும்பையின் டாக்டர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் கண்டதை 2006இல் பன்னாட்டு இதழ் ஒன்றில் எழுதிய பிறகுதான் அது மருத்துவ ஏட்டில் ஏறியது. பக்தியை விடச் சொல்லவில்லை. தலைக்குக் குளிக்கிற அன்று பட்டினி கிடக்காதீர்கள், பட்டினி கிடக்கிற அன்று தலைக்குக் குளிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தூண்டல்கள் தனித்தனியாக வந்தால் மூளை தாங்கும், ஒன்றுசேர்ந்து வந்தால் தாங்காது. இதை மட்டும் கடைப்பிடித்தே தலைவலி நாட்கள் கண்கூடாகக் குறைந்தவர்கள் என் நோயாளிகளில் உண்டு.

இனி, இந்த உரையில் எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விஷயத்துக்கு வருகிறேன். எப்போதோ வந்த தலைவலி தினசரித் தலைவலியாக மாறுவது எப்படி?

வலி நரம்புகள் அடிக்கடி தூண்டப்பட்டால், அவை கொண்டுவரும் செய்தியை வாங்கும் மூளைத்தண்டும் அதற்கு மேலுள்ள பகுதிகளும் கூர்மையாகிவிடுகின்றன. திருடனைக் கண்டு குரைத்த நாய், பிறகு இலை அசைந்தாலும் குரைப்பதுபோல. ஹார்வர்டில் ராமி பர்ஸ்டீன் இதை அளந்து காட்டினார். மைக்ரேன் உச்சத்தில் இருக்கும்போது பலருக்குத் தலை வாரினால் வலிக்கும், தோடு பட்டால் வலிக்கும், கண்ணாடிச் சட்டம் வலிக்கும். அந்த நிலைக்குப் போன பிறகு சாப்பிடுகிற டிரிப்டான் என்ற மைக்ரேன் மாத்திரை, முன்னதாகவே சாப்பிட்டதுபோல் கேட்பதில்லை. 'முடிந்தவரை பொறுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை போடுகிறேன்' என்பவர்களே, பொறுப்பது இங்கே நன்மையில்லை. மைக்ரேன் என்று தெரிந்தவுடன், சரியான மருந்தை, சரியான அளவில், சீக்கிரம் எடுங்கள்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, அல்லது காஃபீன் சேர்ந்த கலவை மாத்திரை, எர்காட் மாத்திரை, டிரிப்டான் ஆகியவற்றை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால், மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கும். உலகெங்கும் ஒப்புக்கொண்ட வரையறை இது. மெடிக்கல் ஷாப்பில் 'தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க' என்றால் சீட்டு கேட்காமல் கொடுக்கிற நாட்டில், இது எத்தனை வீட்டில் நடந்துகொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எழும்போதே வலி. மாத்திரை. மதியம் வரை தாங்கும். மறுபடி வலி, மறுபடி மாத்திரை. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மூட்டு வலிக்காகத் தினமும் வலி மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் இப்படித் தலைவலி வருவதில்லை. முன்பே மைக்ரேன் போன்ற தலைவலி நோய் உள்ளவர்களுக்குத்தான் வருகிறது. ஆக, இது பலவீனமான மனசின் அடையாளமுமல்ல, மாத்திரை போதையுமல்ல. அந்த மூளையின் இயல்பு அப்படி. அவர்களைத் திட்டுவதில் ஒரு பயனுமில்லை.

இதற்கு மருந்து, அந்த மருந்தை நிறுத்துவதே. நிறுத்திய முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி கூடும். அதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாள் நோயாளி கடைக்குப் போய்விடுவார். வலி தடுப்பு மருந்தைக் கூடவே தொடங்கி, இடையில் கழுத்துப் பிடரியில் நரம்பு ஊசி போட்டு, வீட்டாரிடம் 'இந்த வாரம் அவரைச் சமைக்க விடாதீர்கள்' என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலானோர் கடந்துவிடுகிறார்கள். பிடரி ஊசி எப்படி நெற்றி வலியைக் குறைக்கிறது என்றால், முன்பு சொன்ன அதே மூளைத்தண்டுச் சந்திப்பு வழியாகத்தான். தூக்க மருந்து கலந்த வலி மாத்திரை, அபின் வகை மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில் வைத்தே நிறுத்த வேண்டும்.

தடுப்பு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவற்றைத் தேர்ந்தெடுப்பது உங்கள் மருத்துவரின் வேலை. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃப்ளூனரிசின் ஆகியவை நம் அரசு மருத்துவமனைகளிலும் பழக்கமான, விலை குறைந்த மருந்துகள். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்து கூடாது, டோபிராமேட்டிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எந்தத் தடுப்பு மருந்தும் வேலை செய்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். பத்து நாளில் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிட்டு அடுத்த டாக்டரைத் தேடுவதுதான் இங்கே பெரிய நஷ்டம். நாள்பட்ட மைக்ரேனுக்கு போட்டாக்ஸ் ஊசி 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெற்றி முதல் தோள் வரை 31 இடங்களில் 155 அலகு, 12 வாரத்துக்கு ஒருமுறை. சி.ஜி.ஆர்.பி. தடுப்பு ஊசிகள் நல்லவை, ஆனால் நம் நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத விலை.

கண்ணில் மிரட்டும் மின்னல் கோட்டோடு மைக்ரேன் வரும் பெண்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஈஸ்ட்ரஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரையை அவர்கள் சாப்பிடக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். மகப்பேறு மருத்துவரிடம் தலைவலி உண்டு என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

இப்போது மறு பக்கம். இயற்கை வழி என்று சொல்லப்படுபவற்றில் எவை சோதித்துப் பார்க்கப்பட்டவை?

முதலில் யோகா. டெல்லி எய்ம்ஸில் மைக்ரேன் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மறு பிரிவுக்கு மருந்தோடு யோகா. ஒரு மாதம் ஆசிரியரின் கண்காணிப்பில், பிறகு இரண்டு மாதம் வீட்டில். 114 பேர் முழுமையாக முடித்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் தலைவலியின் எண்ணிக்கை 12 விழுக்காடு குறைந்தது. யோகாவும் சேர்ந்தவர்களிடம் 48 விழுக்காடு. விழுங்கிய மாத்திரை ஏறக்குறைய பாதியானது. இதில் எனக்கு முக்கியமாகப் படும் ஒன்று, யாரும் மருந்தை விட்டுவிட்டு யோகாவுக்குப் போகவில்லை என்பது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பலன் கிடைத்தது.

யோகா வராதவர்கள் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஸ்வீடனில் 91 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை 40 நிமிட உடற்பயிற்சி, ஒன்றுக்குத் தளர்வுப் பயிற்சி, ஒன்றுக்கு டோபிராமேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த முடிவு: மூன்று குழுவுக்கும் ஏறத்தாழ ஒரே பலன். பக்கவிளைவு மாத்திரைக் குழுவில் மட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் மைக்ரேன் உள்ள சிறுவர் சிறுமியருக்கு அமிட்ரிப்டிலின், டோபிராமேட், வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். தலைவலி நாட்கள் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 விழுக்காடு. ஆம், வெற்று மாத்திரை எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. அதற்கு முன் 2013இல் வந்த ஆய்வு, அமிட்ரிப்டிலினோடு உளவியல் பயிற்சியும் பெற்ற நாள்பட்ட மைக்ரேன் பிள்ளைகளில் 66 விழுக்காட்டினர் பாதிக்கு மேல் தேறியதைக் காட்டியது. மருந்தோடு வெறும் விளக்கம் மட்டும் கேட்டவர்களில் 36 விழுக்காடுதான். 'ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான்' என்று சொல்லும் பெற்றோரும், தலைவலி என்ற பிள்ளையை வெயிலில் நிற்க வைக்கும் ஆசிரியரும் இதைக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காலைச் சாப்பாடு, தண்ணீர், ஒழுங்கான தூக்கம், நம்புகிற ஒரு பெரியவர்.

வெற்று மாத்திரை வேலை செய்தால் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறான முடிவு. 2014இல் ஹார்வர்டில், மைக்ரேன் வரும்போது உண்மையான மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் உறைகளை மாற்றி மாற்றிப் பெயர் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து என்று எழுதிய உறையில் இருந்தது அதிகம் கேட்டது. வெறும் மாத்திரை என்று எழுதிய உறையில் இருந்த உண்மை மருந்து குறைவாகக் கேட்டது. குணமாகும் என்ற எதிர்பார்ப்பு மூளைத்தண்டில் இறங்கி வலிக் கதவை மூடுகிறது. அதுவும் நரம்பியல்தான். ஒரு மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புவதற்கும், அமர்ந்து கேட்டு விளக்கி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் மரியாதை மட்டுமல்ல, சிகிச்சையின் அளவே மாறுகிறது. என் இளைய சக மருத்துவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பாட்டி தடவிவிட்ட தைலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஜெர்மனியில் ஹார்ட்மூட் கோபல் 1996இல், டென்ஷன் தலைவலிக்கு நெற்றியிலும் பொட்டிலும் 10 விழுக்காடு புதினாத் தைலக் கரைசல் தடவுவதை 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு ஒப்பிட்டார். இரண்டும் சமமாக நின்றன. மென்தால் தோலில் உள்ள குளிர்ச்சி உணர்வு நரம்புகளைத் தொடுகிறது. அந்த நரம்புகள் நெற்றியில் முக்கிளை நரம்பின் கிளைகளே. தைலம் தடவுங்கள், மாதத்தில் எத்தனை நாள் தடவினாலும் அதனால் தலைவலி அதிகமாகாது. வாசனையே ஆகாத மைக்ரேன்காரர் மட்டும் தவிர்க்கலாம். அக்குபங்சர் குறித்து 2016இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தடுப்பு மருந்துக்குக் குறையாத பலன் என்று தெரிந்தது. ஆனால் சரியான புள்ளியில் குத்துவதற்கும் போலியாகக் குத்துவதற்கும் வித்தியாசம் சிறியது. செய்துகொள்ள விரும்பினால் தடை சொல்ல மாட்டேன். மின்சாரத்தால் வலி போக்குவதும் புதிதல்ல. ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் முதல் நூற்றாண்டிலேயே மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொன்னவர். நெற்றி நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டும் கருவிக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சத்து மாத்திரைகளில் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினை நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்துப் பெல்ஜியத்தில் 1998இல் நல்ல பலன் கண்டார்கள். ஆய்வு சிறியது, ஆனால் விலை குறைவு, தீங்கும் இல்லை. நானும் எழுதிக் கொடுப்பதுண்டு.

மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பட்டர்பர் என்ற ஐரோப்பியச் செடியின் சாறு மைக்ரேனைத் தடுக்கும் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2012இல் பரிந்துரைத்தது. கல்லீரல் பாதிப்புகள் தெரியவந்ததும் 2015இல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் தீங்கு செய்யும் வல்லமையும் உண்டு. சித்த மருந்து சாப்பிடுவதென்றால் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் சாப்பிடுங்கள். சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் வருவதை வாயில் போடாதீர்கள். எதைச் சாப்பிட்டாலும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்வதால்தான் மறைக்கிறீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்வதை நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

யோகாவுக்கும் தைலத்துக்கும் காத்திருக்கக் கூடாத தலைவலிகள் உண்டு. இடி விழுந்ததுபோல் ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி. இருமினால், குனிந்தால் ஏறி, வாரா வாரம் வளரும் தலைவலி. இவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற சில நாளில் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். மதுரையில் கே. சீனிவாசன், கருவுற்ற காலத்திலும் பேறுகாலத்திலும் இப்படி மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பேரைப் பற்றி 1983இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், சீதளம் பிடிக்கும் என்று தாகத்தோடு கிடத்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உடலில் நீர் குறைந்தால் ரத்தம் உறைவது எளிது. தாய்மார்களே, மாமியார்மார்களே, பிள்ளை பெற்றவளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். அவளுக்குத் தலைவலி என்றால் பத்துப் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

நேரமாகிறது. உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, வீட்டுக்குப் போனதும் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரை எடுங்கள். தலைவலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு. மாதவிடாய் நாளையும் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொண்டு போங்கள். கோடு போட்ட நாட்கள் பத்தைத் தாண்டியிருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், அந்த மாதமே போங்கள். இரண்டாவது, வீட்டில் ஒருவர் தலைவலி என்று படுத்தால், விளக்கை அணைத்து, டிவி சத்தத்தைக் குறைத்து, அன்றைய அடுப்பு வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.